காகிதத்தில் ஒரே பெயர்

1976 ஜனவரி 4-ஆம் தேதி பம்பாயின் குடிசைகளை மகாராஷ்டிர அரசு எண்ணியது. நெருக்கடிநிலை அமலில் இருந்த நேரம். வாசலுக்கு வந்த அரசு ஊழியரை நிறுத்திவைத்துக் குடும்பக் கதை சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருந்திருக்காது. அவர் கேட்டது சின்னக் கேள்விதான்: இந்தக் குடிசை யாருடையது? தாராவித் தமிழர் பலருக்கு அதற்கு ஒரே பெயரில் பதில் கிடையாது. சதுப்பில் மண் கொட்டி மேடாக்கியவர் ஒருவர். மூங்கிலுக்கும் தகரத்துக்கும் காசு கொடுத்தவர் அவருடைய மைத்துனர். ஊரில் நகையை அடகு வைத்து அந்தக் காசை அனுப்பியவர் அக்கா. எழுதிக்கொள்ளப்பட்டது குடும்பத் தலைவர் என்ற ஒருவரின் பெயர்.

அப்படி எண்ணப்பட்ட குடிசைகளுக்குப் பின்னர் போட்டோபாஸ் வந்தது. அந்த அட்டை அன்றைக்கு யாருக்கும் சொத்தாகத் தெரியவில்லை. இடித்தால் மாற்று இடம் கேட்க ஓர் அத்தாட்சி, அவ்வளவே. அதற்கான தேவையும் உடனே வந்தது. செம்பூருக்கு அப்பால், டிராம்பே பக்கம் இருந்த ஜனதா காலனியை பாபா அணு ஆராய்ச்சி மையம் கேட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் அதை எதிர்த்து டெல்லிவரை போய்ப் போராடினார். ஆனாலும் 1976-லேயே காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். நகரம் யாரைக் குடியிருப்பவர் என்று பதிவு செய்கிறதோ அவருக்கே அடுத்த இடம் என்ற பாடத்தை மும்பைத் தமிழர்கள் அங்கே கற்றார்கள். அந்த இடத்துக்குப் பணம் போட்ட இன்னொருவர் இருந்தால், அவருடைய கணக்கு வாய்ப்பேச்சில் மட்டும் நின்றது.

உறவுக்குள் வாய்ப்பேச்சாகக் கொடுக்கல் வாங்கல் செய்வது கிராமத்திலிருந்து வந்த வெள்ளந்திப் பழக்கம் என்றும், நகரம் அதைக் கெடுத்துவிட்டது என்றும் சொல்வது வழக்கம். மும்பையின் கதையைப் பார்த்தால் அதில் பாதிதான் சரி. இங்கே எழுதிக்கொள்ளாமல் இருந்ததற்குப் பாசம் ஒரு காரணம் என்றால், எழுதினால் வம்பு என்பது இன்னொரு காரணம். குடிசையை விற்க முடியாது, வாடகை வீட்டில் உள்வாடகை விட முடியாது, வீட்டோடு நடக்கும் பட்டறையில் தம்பிக்குச் சம்பளக் கணக்கு வேண்டியதில்லை. நகரத்தின் சட்டங்களே உறவினர்களை வாய்ப்பேச்சுக்குத் தள்ளின. பின்னாளில் அதே நகரம் வந்து, காகிதம் எங்கே என்று கேட்டது.

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தார்கள். தமிழர்கள் தோலோடு வந்தார்கள். 1887 வாக்கில் இங்கே முதல் தோல் பதனிடும் ஆலை எழுந்தது. தொழிலை நடத்திய தமிழ் முஸ்லிம்களில் பலரும், சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்த ஆதி திராவிடர்களில் பலரும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். ஊரில் தீண்டாமையும் பஞ்சமும். இங்கே நாற்றம் பிடித்த வேலை என்றாலும் கையில் காசு. விலங்கு வெட்டும் தொட்டி பாந்திராவில் இருந்தவரை தோலுக்குப் பஞ்சமில்லை. 1971-இல் அது தேவ்னாருக்குப் போனது. அதைத் தொடர்ந்து ஆலைகளும் மெல்ல வெளியேற, தாராவியில் தோலைத் தைத்துப் பையும் பெல்ட்டும் ஆக்கும் பட்டறைகள் மிஞ்சின.

ஆள் வந்த விதம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். யாரும் வேலைக்கு மனுப் போட்டு வரவில்லை. முதலில் ஒருவர் வருவார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அக்கா மகனையோ ஒன்றுவிட்ட தம்பியையோ ரயிலேற்றிக் கூட்டி வருவார். டிக்கெட் காசு அவருடையது. வந்தவனுக்குப் பட்டறையிலேயே படுக்கை, அதே அடுப்பில் சாப்பாடு. சம்பளம்? ‘செலவுக்கு அப்பப்ப வாங்கிக்க, மிச்சத்தைச் சேத்து வச்சு ஊருக்குப் போறப்ப மொத்தமாத் தாரேன்’ என்பார் மாமா. அவன் தலையாட்டுவான். மறுக்க முடியாத இடத்தில் ஆட்டிய தலை அது.

இந்த ஏற்பாட்டில் மாமா ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பையன் கையில் பணம் இருந்தால் கரைந்துவிடும் என்ற அவருடைய கவலையும் உண்மையாக இருக்கலாம். சிக்கல் கணக்கில் வரும். டிக்கெட், சாப்பாடு, காய்ச்சலுக்குப் பார்த்த வைத்தியம், அவன் அம்மாவுக்கு நடுவில் அனுப்பிய பணம் எல்லாவற்றையும் மாமா கழித்துப் பார்ப்பார். பையன் மனத்தில் கூட்டல் மட்டும் ஓடியிருக்கும். நாலு வருஷம் கழித்து இருவரும் உட்கார்ந்தால் இரண்டு தொகை வரும். இரண்டுக்கும் சாட்சி கிடையாது.

சட்டம் என்ன சொன்னது? 1948-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. முதலாளியோடு ஒன்றாக வசித்து, அவரைச் சார்ந்து வாழும் குடும்ப உறுப்பினருக்குத் தரும் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது அது. குடும்ப உறுப்பினர் என்பதில் மனைவி, மக்கள், பெற்றோரோடு அண்ணன் தம்பியும் அக்கா தங்கையும் அடக்கம். வீட்டோடு பட்டறையும் பட்டறையோடு படுக்கையுமாக இருந்த தாராவியில் இந்த விலக்கு எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். அக்கா மகனும் சித்தப்பா மகனும் எழுத்தின்படி இந்த விலக்குக்குள் வரமாட்டார்கள். ஆனால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மாமா மேல் மனு கொடுத்துவிட்டு எந்தப் பையன் ஊர் திரும்ப முடியும்?

அதனால் வழக்கு வேறு இடத்துக்குப் போனது. 1970 வாக்கில் தாராவி ஆதி திராவிடர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் ஓவன் லிஞ்ச் 1974-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் அவர்களைப் பற்றி எழுதினார். தாராவித் தமிழர்கள் ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும் சங்கமாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். சங்கம் கோயில் கொடைக்கும் சாவுக்கும் மட்டுமல்லாமல் சண்டைக்கும் கூடும். உறவுக்குள் பணத் தகராறு என்றால் பெரியவர்கள் உட்கார்ந்து முதலில் கேட்பது, கொடுத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது. எழுத்து இல்லாத இடத்தில் ஆள்தான் ஆவணம்.

இந்தப் பஞ்சாயத்துக்குப் போலீசும் இல்லை, ஜப்தியும் இல்லை. அதன் பலம் ஊரில் இருந்தது. தாராவியில் பணத்தை இல்லையென்று சொன்னவர், அடுத்த கொடைக்குத் தன் ஊர் மண்ணில் போய் இறங்க வேண்டும். மகளுக்கு அதே வட்டத்தில் மாப்பிள்ளை தேட வேண்டும். தகப்பன் இறந்தால் தோள் கொடுக்க அதே ஆட்கள் வர வேண்டும். ஆயிரம் மைல் தள்ளி இருந்த ஊர்தான் ஈடு. அந்த ஊரை விட்டுவிடலாம் என்று ஒருவர் துணிந்த அன்றைக்கு ஈடு செல்லாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பஞ்சாயத்தில் அமர்ந்தவர்கள் ஆண்கள். தாலிச் சங்கிலியை அடகு வைத்துத் தம்பி குடிசைக்குப் பணம் அனுப்பிய அக்காவின் கணக்கு அங்கே அவருடைய கணவரின் வாய்வழியாகத்தான் வரும். கணவர் இல்லையென்றால் பெரும்பாலும் வராது. அந்தக் காலத்து நாட்டாண்மையைப் பற்றி ஏங்கி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாதுங்கா. அங்கே வந்தவர்கள் வேறு தமிழர்கள். 1896-இல் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கிய பிறகு 1898-இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாதுங்கா பகுதிகளில் மனை பிரித்துப் புதிய குடியிருப்புகளுக்கு வழி செய்தது. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற பாலக்காட்டு, தஞ்சாவூர், திருநெல்வேலி பிராமண இளைஞர்கள் அந்த வீடுகளை நிரப்பினார்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. காப்பிக்கடையும் மெஸ்ஸும் வந்தன. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு பாய், மாதம் பிறந்தால் சித்தியின் கையில் ஒரு தொகை. நூற்றுக்கணக்கான பேர் அப்படித்தான் பம்பாய் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அந்தத் தொகைக்கு யாரும் ரசீது கேட்டதில்லை. 1947-க்குப் பிறகு கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது.

அந்த ஆண்டு வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலையில் உறையவைத்தது. வாடகைதாரரை வெளியேற்றக் காரணங்களை அடுக்கியது. அவற்றில் ஒன்று, அனுமதியின்றி உள்வாடகை விடுவது. வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பினால் சித்தப்பா சொல்ல வேண்டிய பதில், ‘இவன் என் அண்ணா பிள்ளை, இங்கே சும்மா இருக்கிறான், காலணாகூட வாங்குவதில்லை’. மாதாமாதம் பணம் கொடுத்தவனும் அதே பொய்யைச் சொல்ல வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து கணக்கை அழித்தார்கள். அழித்தால்தான் வீடு நிலைக்கும்.

பிறகு சித்தப்பா காலமாவார். அதே சட்டத்தில் வாடகைதாரர் இறந்தால் அவரோடு வசித்த குடும்ப உறுப்பினர் வாடகை உரிமையைப் பெறலாம் என்றும், யார் என்பதில் உடன்பாடு இல்லையென்றால் நீதிமன்றம் முடிவு செய்யும் என்றும் இருந்தது. இப்போது அதே அண்ணா பிள்ளை, தான் குடும்பத்தில் ஒருவனாக அங்கே இருந்தேன் என்று கேட்கலாம். சித்தப்பா மகன் டெல்லியிலோ அமெரிக்காவிலோ இருந்தால் வழக்கு சூடு பிடிக்கும். இருபது வருஷம் வாடகையில் பாதியைக் கொடுத்தேன் என்று சொன்னால் உள்வாடகைதாரன் ஆகிவிடுவான். கொடுக்கவில்லை என்றால் குடும்பத்தான் ஆகலாம். கொடுத்ததை மறுத்தால்தான் கொடுத்ததற்குப் பலன் என்ற விசித்திரத்தை மும்பை ஸ்மால் காஸஸ் கோர்ட்டின் வராந்தாக்கள் நன்றாக அறியும். 1959-இல் அதுவரை இருந்த உள்வாடகைகளுக்கு ஒரு பொது மன்னிப்புப் போலப் பாதுகாப்பு வந்தது. 1973 பிப்ரவரி 1-ஆம் தேதி உரிம அடிப்படையில் குடியிருந்தவர்களுக்கும் வாடகைதாரர் பாதுகாப்புக் கொடுக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு தேதி அறிவிக்கப்படும்போதும், விருந்தாளி, உறவினர், குடித்தனக்காரர் என்ற மூன்றுக்கும் நடுவே இருந்த கோடு சில வீடுகளில் ஒரே இரவில் இடம் மாறியது.

மாதுங்காவின் இன்னொரு பெரிய வாய்ப்பேச்சுக் கடன் படிப்பு. அண்ணன் பள்ளியோடு நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தம்பியை பி.ஏ. வரை படிக்க வைப்பார். தம்பி பம்பாயில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தச் சம்பளம் யாருடையது? பழைய இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டப்படி, குடும்பப் பணத்தில் பெற்ற சிறப்புக் கல்வியால் வந்த வருமானம் குடும்பத்துக்கே சேரும் என்று வாதிட முடிந்தது. வாதம் மட்டுமல்ல, தீர்ப்பும் வந்தது. 1921-இல் கோகல் சந்த் வழக்கில், குடும்பச் செலவில் படித்து ஐ.சி.எஸ். ஆனவரின் சம்பாத்தியம் கூட்டுக் குடும்பச் சொத்துதான் என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது.

மதராசில் இந்தச் சண்டை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1891-இல் வி. பாஷ்யம் ஐயங்கார், படித்தவனின் சம்பாத்தியம் அவனுக்கே என்று மதராஸ் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். வக்கீல்களும் அதிகாரிகளும் ஆதரித்தார்கள். வீட்டில் இருந்து நிலத்தைப் பார்த்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். சபையைத் தாண்டிய அந்த மசோதா கவர்னரிடம் போய் நின்றுவிட்டது. கடைசியில் பம்பாய் பாரிஸ்டர் எம்.ஆர். ஜெயகரின் முயற்சியில் 1930-இல் இந்து கல்விப் பயன் சட்டம் மத்திய சட்டசபையில் நிறைவேறியது. படிக்க வைத்தது யாராக இருந்தாலும், படிப்பால் வந்த வருமானம் படித்தவனுடையதே.

படித்தவர்கள் எழுதிய சட்டம் படித்தவர்களைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது முழு அநியாயம் ஆகாது. சட்டம் அண்ணனின் உரிமையைத்தான் எடுத்தது, அவருடைய எதிர்பார்ப்பை எடுக்க முடியவில்லை. அந்த எதிர்பார்ப்பு மணியார்டராக, தங்கை கல்யாணச் செலவாக, அண்ணன் மகனுக்கு மாதுங்காக் கூடத்தில் ஒரு பாயாக மாறி இன்னும் ஒரு தலைமுறை ஓடியது.

உறவுக்குள் கொடுத்த வாக்கு கோர்ட்டில் செல்லுமா என்ற கேள்வியில் உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்று இலங்கையோடு சம்பந்தப்பட்டது. இலங்கை நீர்ப்பாசனத் துறையில் உயர் பதவியில் இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர் 1915-இல் விடுப்பில் மனைவியோடு தாய்நாடு போனார். மனைவிக்கு உடல்நலக் குறைவு. அவர் அங்கேயே தங்க, கணவர் 1916 ஆகஸ்டில் கப்பல் ஏறினார். மாதம் 30 பவுண்டு அனுப்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். உறவு முறிந்த பிறகு மனைவி அந்தப் பணத்துக்கு வழக்குப் போட்டார். 1919-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. வீட்டுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைச் சட்டத்தால் பிணைக்கும் நோக்கம் இருவருக்கும் இருந்ததில்லை என்பது நீதிபதி அட்கின் சொன்ன காரணம்.

ஐம்பது வருஷம் கழித்து இன்னொரு வழக்கு. டிரினிடாடில் வசித்த ஒரு தாய், வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தில் செயலராக இருந்த தன் மகளை லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் படிக்கச் சொன்னார். மாதம் 200 டாலர் தருவதாகப் பேச்சு. மகள் அமெரிக்க டாலர் என்று நினைத்தார். தாய் சொன்னது மேற்கிந்தியத் தீவுகளின் டாலர். பிறகு பணத்துக்குப் பதில் லண்டனில் ஒரு வீட்டை வாங்கி, அதில் மகள் குடியிருந்து மிச்ச அறைகளை வாடகைக்கு விடட்டும் என்று ஏற்பாடு. எல்லாம் பேச்சுதான். மகள் பரீட்சையில் தேறவில்லை, தாய் வீட்டைத் திரும்பக் கேட்டார். 1969-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் ஜோன்ஸ், படவாட்டன் வழக்கு என்று பதிவான அதில் தாய்தான் ஜெயித்தார். எந்த டாலர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளாத தாயையும் மகளையும் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் ‘ரூமுக்கு ஒண்ணரை குடுத்தேன்’ என்று இங்கே பேசிக்கொள்ளும் மச்சான்களுக்குள், அது ஆயிரமா லட்சமா என்பதைவிட, கடனா பங்கா என்பது இன்னும் மங்கலாக இருந்தது.

இந்தியச் சட்டம் வாய்ப்பேச்சை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வாயால் பேசிய ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. அதே ஆண்டின் சாட்சியச் சட்டம் வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்றது. ஆனால் பதிலுக்கு எதுவும் பெறாமல், நெருங்கிய உறவு என்ற அன்பால் மட்டும் தருவதாகச் சொன்னால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது எழுத்தில் இருந்து பதிவும் ஆகியிருக்க வேண்டும். அன்பு இருந்ததா என்பதையும் கோர்ட் பார்க்கும். 1900-இல் கல்கத்தாவில் ராஜ்லுக்கி தாபி வழக்கில், கணவர் பதிவு செய்த பத்திரம் இருந்தும் அது செல்லவில்லை. அந்தப் பத்திரமே இருவருக்கும் ஓயாத சண்டை என்று சொல்லியிருந்ததால், இதில் அன்பு எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். மூன்று வருஷம் கழித்து மதராஸ் வழக்கொன்றில், தம்பியின் கடனை அடைப்பதாக அண்ணன் அன்பால் எழுதிப் பதிவு செய்தது செல்லும் என்றானது.

காலக்கெடு அதைவிடப் பெரிய தடை. கடனாகக் கொடுத்த பணத்துக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கேட்கும்போது தருவதாகப் பேசியிருந்தாலும், பணம் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். உறவில் யார் மூன்று வருஷத்தில் கேட்கிறார்கள்? மகளுக்குக் கல்யாணம் வரும்போதுதான் வாய் திறக்கும். அதற்குள் பதினைந்து வருஷம் போயிருக்கும்.

தமிழர்களுக்கு எழுதிவைக்கும் பழக்கமே இல்லை என்று யாராவது சொன்னால் மொய் நோட்டைக் காட்டலாம். ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளில் ஊர் பெயரும் ஆள் பெயரும் தொகையும் வரிசையாக எழுதப்படும். தலைமுறை தாண்டியும் அந்த நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்வார்கள். தாராவிக் கல்யாண மண்டபத்து வாசலிலும் மேசை போட்டு எழுதுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் மொய்க்கு நோட்டு உண்டு, ஐம்பதாயிரம் கைமாற்றுக்குக் கிடையாது. மொய் சபையில் கொடுப்பது, வெளியே தெரிந்தால் இருவருக்கும் பெருமை. கைமாற்று இருவரும் மறைப்பது. சீட்டுப் பணம் நடுவில் நிற்கிறது. மராத்தியர் பிஷி என்று சொல்லும் அதை நடத்தும் அக்காவிடம் ஒரு நோட்டு இருக்கும், மற்றவர்களிடம் இருக்காது.

எழுத்தே தெரியாதவர்களும் கணக்கைப் பத்திரப்படுத்த வழி கண்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் பைகுல்லா நடைபாதைவாசிப் பெண்களிடையே உருவான மகிளா மிலன் சேமிப்புக் குழுக்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்து, இந்தத் தொகைக்கு இந்த நிறம் என்று வண்ணத் துண்டுக் காகிதங்களைப் போட்டுவைத்தன. சேமித்தவரே பையைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கணவரோ அண்ணனோ குறுக்கே வந்து கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோக்கின் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் அமைப்பும் இதோடு கைகோத்திருந்தன.

ஊர்ச் சங்கத்தின் சொல் எடுபடாத இடத்தில் வேறு ஆட்கள் நுழைந்தார்கள். 1970-களில் மாதுங்கா, தாராவி, அந்தோப் ஹில் வட்டாரத்தில் வரதராஜ முதலியாரின் தர்பார் பேர்பெற்றது. கள்ளச்சாராயத்தில் வளர்ந்தவர், மாதுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே விநாயகர் சதுர்த்திப் பந்தலைப் பிரமாண்டமாகப் போட்டவர். கோர்ட்டில் வருஷக்கணக்கில் இழுக்கும் தகராறு அவர் முன் சீக்கிரம் முடியும் என்பதே அவருக்கிருந்த கூட்டத்துக்குக் காரணம். தீர்ப்புக்குப் பின்னால் இருந்தது ஊர்க் கட்டுப்பாடல்ல, அடியாள் பயம். 1980-களில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவாரின் கெடுபிடியால் அவர் சென்னைக்குப் போனார், 1988-இல் இறந்தார். அவரைப் பற்றிய சினிமாக்கள் அந்த நியாயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அழகாக்கிவிட்டன.

2004-ஐ ஒட்டி போலீஸ் கமிஷனர் ஏ.என். ராய் காலத்தில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்துகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பகுதிவாசிகள் பத்துப் பேர், அதில் ஏழு பேர் பெண்கள். கூடவே ஒரு காவலர். அக்காவின் அடகு நகையைப் பற்றி அக்காவே பேசக்கூடிய இடம் அப்போதுதான் கிடைத்தது.

இதற்கிடையே தாராவி மண்ணின் விலை ஏறிக்கொண்டே போனது. 1985-இல் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடியில் ஒரு பகுதி தாராவிக்கு வந்து, அடுக்குமாடிகள் எழுந்தன. 1995-இல் குடிசை மாற்றுத் திட்டம் இலவச வீடு என்றது. அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன் இருந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறகு தகுதித் தேதி 2000 ஜனவரி 1-க்கு நகர்ந்தது. புதிய வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பெண்களுக்கு அது நல்ல மாற்றம். பணம் போட்ட தம்பிக்கோ மச்சானுக்கோ அதில் இடம் கிடையாது. கிடைத்த வீட்டைப் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது என்று சட்டம் சொன்னதால், வீட்டை விற்றுப் பங்கு தரலாம் என்று நினைத்த அண்ணனாலும் வெளிப்படையாகச் செய்ய முடியாது. ‘உன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன மச்சான்’ என்று ஒரு காலத்தில் சிரித்தபடி பேசி முடித்தது, அவர்களுடைய மகன்கள் காலத்தில் வழக்கானது.

கோர்ட்டுக்குப் போனால் பினாமிச் சட்டம் குறுக்கே நின்றது. நான் பணம் கொடுத்து அண்ணன் பெயரில் வாங்கிய சொத்து என்று கேட்கும் வழக்கையே 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மனைவி, திருமணமாகாத மகள் பெயரில் வாங்கினால் விலக்கு. பிரிந்து வாழும் அண்ணன் தம்பிக்கு அப்படித் தனி விலக்கு இல்லை. 2016 திருத்தத்தில் உடன்பிறந்தோரையும் சேர்த்தார்கள். ஆனால் ஆவணத்தில் பணம் கொடுத்தவரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆவணத்தில் பெயர் இருந்திருந்தால் அவர் கோர்ட்டுக்கே வந்திருக்கமாட்டார்.

இப்போதைய தகராறு ஏணிக்கு மேலே நடக்கிறது. 2022-இல் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்துக்குப் போனது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி 2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. 2022 நவம்பர் 15 வரை மேல்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, தவணை வாடகை முறையில் வாங்கும் வீடு. மேல்தளங்கள் எப்படி வந்தன என்பது தாராவியில் எல்லோருக்கும் தெரியும். கீழே அண்ணன் குடும்பம். தம்பிக்குக் கல்யாணமானதும் தம்பியின் காசில் மேலே ஓர் அறை, வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அந்த அறைக்குப் போட்ட பணம் அண்ணனுக்குக் கொடுத்த கடனா, வீட்டில் பங்கா, தன் வீட்டுக்குத் தானே செய்த செலவா என்று யாரும் பிரித்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் மேல்தளம் கட்டியதே அனுமதி இல்லாத வேலை, அதற்கு யார் எழுதிக்கொடுப்பார்கள்?

இப்போது சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, கீழ்வீட்டுக்குப் புது வீடு வந்தால் மேல்வீட்டுத் தம்பிக்கு இவ்வளவு என்று நோட்டரி முன் கையெழுத்துப் போடுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் இதற்கான குறைந்தபட்ச முத்திரைத்தாள் 100 ரூபாயாக இருந்தது. 2024 அக்டோபரில் 500 ஆனது. பதிவாகாத அந்தத் தாள் வீட்டு உரிமையைத் தராது. தொகையைக் கடன் என்று ஒப்புக்கொண்டு, அதைத் தருவதாகவும் எழுதி, தேதியும் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் கிடைக்கும். தாராவித் திட்டத்துக்கு அறிவித்திருக்கும் காலமோ ஏழு வருஷம்.